ஆர்எஃப் பவர் கேலிப்ரேஷன்ல துல்லியத்தைக் கூட்டுறது எப்படி: முதல்ல எங்க கை வைக்கணும்னு ஒரு முழு வழிகாட்டி

பவர் சென்சார் கேலிப்ரேட் பண்ற சிஸ்டம் ஒண்ணு லேப்ல ஓடிட்டிருக்கு, 18 ஜிகாஹெர்ட்ஸ் வந்தா அன்சர்டன்ட்டி (அளந்த எண் எவ்வளவு தூரம் விலகியிருக்கலாம்ங்கிற அளவு) கிட்டத்தட்ட 2 சதவீதத்துல நிக்குது, அதைக் குறைச்சே ஆகணும்னு முடிவாயிடுச்சுன்னு வைங்க. நான் பார்த்த வரைக்கும் அடுத்த நாளே நடக்குறது என்னன்னா, இன்னும் ஒரு டிஜிட் கூட காட்டுற வோல்ட்மீட்டருக்கு கொட்டேஷன் கேட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிங்க. ஆர்எஃப் (ரேடியோ ஃப்ரீக்வென்சி) பவர்ல பெரிய ஓட்டை வோல்ட்மீட்டர் பக்கம் கிடையாது, ரெண்டு கனெக்டர் முகம் சேருற இடத்துலயும் சிக்னல் திரும்பி அடிக்கிற இடத்துலயும்தான் இருக்கு. ஓட்டை எங்கன்னு தெரியாம வேற இடத்துல பூசுனா காசும் மாசமும்தான் போகும்.

இது யாருக்குன்னா, தெர்மிஸ்டர் மவுண்ட்டையோ தெர்மோகப்பிள் சென்சாரையோ ரெஃபரென்ஸா வச்சுக்கிட்டு, பவர் ஸ்ப்ளிட்டர் (சிக்னலை ரெண்டாப் பிரிக்கிற சாதனம்) வழியா மத்த சென்சார்களை ஒப்பிட்டு கேல் ஃபேக்டர் (சென்சார் காட்டுற பவரைத் திருத்துற எண்) கொடுக்கிறவங்களுக்கு. புதுசா இந்த வேலைக்கு வந்தவங்களும் படிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கேன், ஆனா டிபிஎம்னா என்ன, விஎன்ஏன்னா என்னங்கிறதெல்லாம் தெரியும்னு எடுத்துக்கிறேன்.

நாம உண்மையில எதை அளக்குறோம்

ஆர்எஃப் பவரை நேரடியா ஒரு வாட் கட்டி வச்சு எடை போடுற மாதிரி அளக்க முடியாது. அதை வெப்பமா மாத்தி, அதே அளவு வெப்பத்தை டிசி பவர் எவ்வளவு கொடுத்தா வரும்னு பார்க்குறோம். தெர்மிஸ்டர் மவுண்ட்டோட வேலையே இதுதான். கோஆக்சியல் மவுண்ட்டுக்குள்ள ரெண்டு தெர்மிஸ்டர் மணி இருக்கும், ஒவ்வொண்ணும் 100 ஓம், டிசிக்கு ரெண்டும் சீரிஸ்ல வந்து 200 ஓம்னு தெரியும், ஆர்எஃப்புக்கு ரெண்டும் பேரலல் ஆகி 50 ஓம்னு தெரியும். பிரிட்ஜ்னு ஒரு சர்க்யூட் அந்த 200 ஓமை விடாம பிடிச்சு வச்சிருக்கும், ஆர்எஃப் உள்ள வந்து மணியைச் சூடாக்கினா பிரிட்ஜ் அந்த அளவுக்கு டிசியைக் குறைச்சுக்கும். ஆர்எஃப் இல்லாதப்ப வோல்டேஜ் வி1, இருக்கும்போது வி2ன்னா, பதிலிட்ட பவர் = (வி1² − வி2²) ÷ 200.

ஆனா உள்ள போன ஆர்எஃப் எல்லாம் மணிக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் கனெக்டர்லயும் சுவர்லயும் சூடா வீணாகும். உறிஞ்சுனதுல எத்தனை பங்கு டிசியா கணக்குல வந்துச்சுங்கிறது எஃபெக்டிவ் எஃபிஷியன்சி. கொஞ்சம் பவர் உள்ளயே வராம வாசல்லயே திரும்பியும் போகும். அதையும் சேர்த்தா வர்றது கேல் ஃபேக்டர், அதாவது எஃபெக்டிவ் எஃபிஷியன்சி × (1 − |காமா|²). காமாங்கிறது சென்சாரோட ரிஃப்ளெக்ஷன் கோஎஃபிஷியன்ட், இந்த வழிகாட்டியில இனிமே சுருக்கமா காமான்னே சொல்றேன்.

இங்க ஒரு விஷயத்தை மனசுல நல்லா பதிய வச்சுக்கங்க. டிசி வோல்ட்டும் ஓமும் ஜோசப்சன் விளைவு, குவாண்டம் ஹால் விளைவு வழியா வர்றது, 2019 மே 20ல இருந்து எஸ்ஐ அலகுகள்ல எலக்ட்ரான் சார்ஜும் பிளாங்க் மாறிலியும் நிரந்தரமா நிர்ணயிச்ச மதிப்பா ஆயிடுச்சு, அந்தப் பக்கம் பேசுறது எல்லாம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ. ஆர்எஃப் பக்கம் வந்தா நாம இன்னும் நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல சில பங்குன்னுதான் பேசிட்டிருக்கோம். ஆகவே இடைவெளி முழுக்க டிசிக்கும் கனெக்டர் முகத்துக்கும் நடுவுல இருக்கு.

படி 1: பட்ஜெட்டை ஒரே தாள்ல எழுதுங்க

பட்ஜெட்னா இங்க காசு இல்ல, எங்கெங்க இருந்து எவ்வளவு பிழை வருதுங்கிற பட்டியல். அதை எழுதாம எதையும் மாத்தாதீங்க. ஒரு உதாரணம் போடுறேன், எண்கள் நான் கணக்கு புரியணும்னு எடுத்தது, உங்க சிஸ்டத்துக்கு உங்க எண்ணைப் போட்டுக்கங்க. 18 ஜிகாஹெர்ட்ஸ், எல்லாமே ஸ்டாண்டர்ட் அன்சர்டன்ட்டி, அதாவது கே = 1 (கேங்கிறது அந்த எண்ணை எத்தனை மடங்கு ஆக்கிச் சொல்றோம்ங்கிறது).

ரெஃபரென்ஸ் சென்சாரோட சர்டிஃபிகேட்ல இருந்து 0.45 சதவீதம். சோர்ஸோட காமா 0.05, டெஸ்ட் சென்சாரோட காமா 0.09, மிஸ்மேட்சை (ரெண்டு பக்கமும் சிக்னல் திரும்பி அடிக்கிறதால வர்ற பிழை) திருத்தாம விட்டா எல்லை ± 2 × 0.05 × 0.09, அதாவது 0.9 சதவீதம், இது யூ வடிவப் பரவல் (ரெண்டு ஓரத்துலயும் விழத்தான் வாய்ப்பு அதிகம்)ங்கிறதால 1.414ஆல வகுத்தா 0.64. ரெஃபரென்ஸோட காமா 0.06னா அதே கணக்குல 0.42. கனெக்டர் திரும்பத் திரும்ப மாட்டுறதுல வர்ற சிதறல் 0.3. பிரிட்ஜ் டிரிஃப்ட் 0.1. வோல்ட்மீட்டர் 0.02.

ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுங்க, 0.94 வரும், கே = 2க்கு 1.9 சதவீதம். இப்ப வோல்ட்மீட்டரை பூஜ்யப் பிழை உள்ளதா மாத்திட்டதா கற்பனை பண்ணி திரும்ப போடுங்க. அதே 0.94தான், மூணாவது தசமம்கூட அசையல. வர்க்கமா கூடுறதால பெருசா இருக்கிறது மட்டும்தான் ஆட்சி செய்யும், சின்னதை எவ்வளவு தேய்ச்சாலும் கணக்குல தெரியாது. இந்தத் தாளை பெஞ்சுக்கு மேல ஒட்டி வைங்க, இனி எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் இதைத்தான் கேக்கணும்.

படி 2: கனெக்டரை மதிங்க

இது சின்ன வேலை மாதிரி தெரியும், அதனாலயே தள்ளிப் போடுவாங்க, ஆனா இதைச் சரி பண்ணாம மத்த படிக்குப் போனா எந்த எண்ணையும் நம்ப முடியாது.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத ஸ்வாப், பெருக்கிக் காட்டுற லென்ஸ், பின் ஆழம் பார்க்குற கேஜ், டார்க் ரெஞ்ச், இவ்வளவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். எவ்வளவு டார்க்ல இறுக்கணும்ங்கிறது கனெக்டர் வகையைப் பொறுத்தது: டைப் என்னுக்கு வழக்கமா 1.36 நியூட்டன் மீட்டர், 3.5 மில்லிமீட்டர், 2.92, 2.4 எல்லாத்துக்கும் 0.9, எஸ்எம்ஏன்னா 0.56. எஸ்எம்ஏ 3.5லயும் 2.92லயும் மாட்டும்ங்கிறதுக்காக ரெஃபரென்ஸ் போர்ட்ல எஸ்எம்ஏவை மாட்டவே கூடாதுன்னு ஒரு விதியே போட்டுடுங்க, தேஞ்ச எஸ்எம்ஏ ஒண்ணு போதும் நல்ல 3.5 பெண் கனெக்டரோட விரலை (பின்னைப் பிடிக்கிற பிளந்த உலோகத் துண்டை) விரிச்சு விட்டுடும், அப்புறம் அந்த போர்ட்ல மாட்டுற ஒவ்வொண்ணும் கெடும்.

மாட்டும்போது நட்டை மட்டும் சுத்துங்க, சென்சார் உடம்பைச் சுத்தாதீங்க. உடம்பு சுத்தினா உள்ள பின் முகமும் விரலும் உரசிக்கிட்டே போகும். டார்க் ரெஞ்சோட கைப்பிடி கடைசியில பிடிச்சு, மடங்க ஆரம்பிச்ச உடனே நிறுத்துங்க, முழுசா மடியற வரைக்கும் தள்ளாதீங்க. எதிர்ப்பக்கம் ஸ்பேனர் வச்சு பிடிக்கும்போது ரெண்டு கைப்பிடியும் குறுகுன கோணத்துல, கிட்டத்தட்ட ஒரே பக்கமா இருக்கணும், எதிரெதிரா இருந்தா கனெக்டரை ஒரு பக்கமா தூக்கி விடும்.

பின் ஆழத்தை ஒவ்வொரு சென்சாருக்கும் வந்த அன்னைக்கே அளந்து எழுதுங்க. வெளியே நீட்டிட்டு இருக்கிற பின்னை எக்காரணம் கொண்டும் ரெஃபரென்ஸ்ல மாட்டக் கூடாது, வாடிக்கையாளர் அவசரம்னு சொன்னாலும் சரி. எங்க பெஞ்ச்ல ஒரு தடவை 50 மெகாஹெர்ட்ஸ்ல அழகா ஒத்துப்போன சென்சார் 15 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டுனதும் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் வேற வேற எண் கொடுத்துச்சு, ரெண்டு நாள் சாஃப்ட்வேர்ல தேடுனோம், கடைசியில லென்ஸை வச்சுப் பார்த்தா டைப் என் பெண் கனெக்டர்ல நாலு விரல்ல ஒண்ணு மத்ததை விட முடி அளவு விலகி இருந்துச்சு. குறைஞ்ச ஃப்ரீக்வென்சிக்கு அது தெரியவே தெரியாது. அன்னைல இருந்து லென்ஸ்ல பார்க்காம எதையும் மாட்டுறது இல்லன்னு வச்சுக்கிட்டோம்.

அடுத்து, ஒரே தடவை மாட்டி எடுத்த எண்ணை ரிசல்ட்டுன்னு சொல்லாதீங்க. சென்சாரை 0, 90, 180, 270 டிகிரின்னு நாலு கோணத்துல மாட்டி எடுங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாம சிதறுதுன்னா சராசரியோட சிதறல் பாதியாகும், நம்ம பட்ஜெட்ல 0.3 இருந்தது 0.15க்கு வந்துடும். கோணத்தோட சேர்ந்து ஒழுங்கா ஏறி இறங்குதுன்னா அது வேற செய்தி, கனெக்டர் மையம் விலகி இருக்கு, இல்ல சென்சாரோட எடை போர்ட்டை இழுக்குது. ஒரு தாங்கி வச்சுப் பாருங்க.

அடாப்டர் போடாம வேலை முடியும்னா போடாதீங்க. போட்டே ஆகணும்னா அதோட எஸ் பாராமீட்டரை (சிக்னல் எவ்வளவு திரும்புது, எவ்வளவு கடந்து போகுதுங்கிற எண்களை) அளந்து இழப்பைக் கணக்குல எடுங்க, சின்ன அடாப்டர்தானேன்னு விடாதீங்க.

படி 3: மிஸ்மேட்சை எல்லையா விடாம எண்ணா பிடிங்க

இந்தப் படிதான் இந்த வேலையோட உயிர், நேரம் இருந்தா மொத்த நேரத்தையும் இங்க போடுங்கன்னுகூட சொல்வேன்.

ஒப்பிடுற முறை இதுதான். ஸ்ப்ளிட்டரோட 1வது போர்ட்ல சிக்னல் ஜெனரேட்டர், 3வது போர்ட்ல நிரந்தரமா ஒரு மானிட்டர் சென்சார், 2வது போர்ட்ல முதல்ல ரெஃபரென்ஸ், அப்புறம் டெஸ்ட் சென்சார். ரெண்டு தடவையும் 2வது போர்ட் ரீடிங்கை மானிட்டர் ரீடிங்கால வகுத்துக்கிறோம், ஜெனரேட்டர் நகர்ந்தாலும் கவலை இல்ல. அப்ப டெஸ்ட்டோட கேல் ஃபேக்டர் = ரெஃபரென்ஸோட கேல் ஃபேக்டர் × ரெண்டு விகிதங்களோட விகிதம் × மிஸ்மேட்ச் ஃபேக்டர். அந்த மிஸ்மேட்ச் ஃபேக்டர் = |1 − காமாஜி × காமாடெஸ்ட்|² ÷ |1 − காமாஜி × காமாரெஃப்|². இதுல காமாஜிங்கிறது 2வது போர்ட்ல இருந்து பார்த்தா தெரியுற சமான சோர்ஸோட காமா.

நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இந்த காமாஜிதான். ஸ்ப்ளிட்டரோட 2வது போர்ட்டை விஎன்ஏல போட்டா எஸ்22 கிட்டத்தட்ட 0.25 காட்டும், விஎஸ்டபிள்யுஆர் (திரும்பலைச் சொல்ற இன்னொரு அளவு, 1ன்னா திரும்பலே இல்ல) 1.67, பயந்து போய் ஸ்ப்ளிட்டர் கெட்டுப் போச்சுன்னு ஓரமா வச்சவங்களை நானே பார்த்திருக்கேன். அது கெடல. ரெண்டு 50 ஓம் ரெசிஸ்டர் உள்ள ஸ்ப்ளிட்டர் அப்படித்தான் இருக்கணும். மானிட்டரை வச்சு விகிதம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது எஸ்22 இல்ல, காமாஜி = எஸ்22 − (எஸ்21 × எஸ்32 ÷ எஸ்31). சரியான ஸ்ப்ளிட்டர்ல எஸ்21ம் எஸ்31ம் 0.5, எஸ்32 0.25, போட்டுப் பாருங்க, 0.25 − 0.25 = 0. அதுதான் இந்த அமைப்போட அழகு, மானிட்டர் கணு வோல்டேஜை பிடிச்சு வச்சிருக்கிறதால வெளியே தெரியுறது அந்த ஒரு 50 ஓம் மட்டும்தான். இதுக்கு நேர்மாறா மூணு 16.7 ஓம் ரெசிஸ்டர் உள்ள டிவைடரை எடுத்துப் பாருங்க, எஸ்22 பூஜ்யம், பார்க்க ரொம்ப நல்லவன், ஆனா மத்த மூணும் 0.5, காமாஜி −0.5 ஆகும், விஎஸ்டபிள்யுஆர் 3. வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படிச்சு எடுங்க.

இன்னொரு நல்ல குணம், இந்தக் காமாஜி ஜெனரேட்டரோட மேட்ச்சையும் மானிட்டர் சென்சாரோட காமாவையும் சார்ந்து இருக்காது, சமன்பாட்டை உக்காந்து எழுதினா ரெண்டும் தானா கழண்டு போயிடும். ஆகவே ஜெனரேட்டரை மாத்தினா ஸ்ப்ளிட்டரைத் திரும்ப அளக்க வேண்டியதில்ல.

ஆனா மூணு போர்ட் எஸ் பாராமீட்டரை அளந்து கழிக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. 0.25ல இருந்து 0.25ஐக் கழிச்சு 0.03 மாதிரி ஒரு சின்ன எண்ணை எடுக்கிறோம், ரெண்டு பெரிய எண்ணோட பிழையும் அந்தச் சின்ன எண்ணு தலையில வந்து விழும். ஃப்ரீக்வென்சி ஏற ஏற இது மோசமாகும். இதுக்கு நல்ல வழி நேரடி முறை: விஎன்ஏவோட சோர்ஸை 1வது போர்ட்டுக்கு கொடுத்து, 3வது போர்ட்ல வர்ற அலையை வகுக்குற அலையா எடுத்து, 1வது போர்ட்ல திரும்பி வர்ற அலையோட விகிதம் பாருங்க. அப்படியே 2வது போர்ட்ல ஓப்பன், ஷார்ட், லோடுன்னு தெரிஞ்ச மூணையும் மாட்டி சாதாரண ஒரு போர்ட் கேலிப்ரேஷன் கணக்கைப் போட்டா கிடைக்கிற மூணு எரர் டெர்ம்ல சோர்ஸ் மேட்ச்னு வர்றதே நம்ம காமாஜி. கழித்தலே இல்ல. லேப்ல விஎன்ஏவோட ரிசீவர்களை தனித்தனியா எடுக்க முடியும்னா இதை விட்டு வேற எதையும் யோசிக்காதீங்க.

காமா எல்லாத்தையும் அளவும் கோணமும் சேர்ந்த காம்ப்ளெக்ஸ் எண்ணா வச்சுக்கணும், அளவு மட்டும் இருந்தா திருத்தம் போட முடியாது, எல்லைதான் சொல்ல முடியும். மிஸ்மேட்ச் ஃபேக்டரை விரிச்சா தோராயமா 1 − 2 × மெய்ப்பகுதி[காமாஜி × (காமாடெஸ்ட் − காமாரெஃப்)]னு வரும். அந்த அடைப்புக்குள்ள இருக்கிற கழித்தலைக் கவனிங்க. ரெஃபரென்ஸும் டெஸ்ட்டும் ஒரே வகை சென்சாரா இருந்து காமா அளவுலயும் கோணத்துலயும் கிட்டக்கிட்ட வந்தா மிஸ்மேட்ச் தானாவே அடங்கிடும். அதனால வாடிக்கையா எந்த மாடல் அதிகமா வருதோ அந்த மாடல்லயே ஒண்ணை வொர்க்கிங் ஸ்டாண்டர்டா ஒதுக்கி வைக்கிறது கணக்குலயே லாபம்.

திருத்தம் போட்டதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது காமாக்களை அளந்ததுல உள்ள பிழை மட்டும்தான். காமா ஒவ்வொண்ணுலயும் 0.005 அன்சர்டன்ட்டின்னு வச்சா, டெஸ்ட் பக்கம் 2 × 0.005 × √(0.05² + 0.09²), கிட்டத்தட்ட 0.10 சதவீதம், ரெஃபரென்ஸ் பக்கம் 0.08. 0.64ம் 0.42ம் இருந்த இடத்துல இப்ப 0.10ம் 0.08ம். பட்ஜெட்டைத் திரும்பக் கூட்டுங்க, 0.94 இருந்தது 0.57 ஆகும், நாலு கோணச் சராசரியும் சேர்த்தா 0.50, கே = 2க்கு 1 சதவீதம். புதுசா ஒரு கருவிகூட வாங்கல.

படி 4: பிரிட்ஜும் வெப்பமும்

இப்பதான் டிரிஃப்ட் பக்கம் வர்றோம். பிரிட்ஜ் பயாஸ் 30 மில்லிவாட்னு எடுத்தா வி1 = 2.449 வோல்ட், 1 மில்லிவாட் ஆர்எஃப் வந்ததும் வி2 = 2.408 வோல்ட், வித்தியாசம் 41 மில்லிவோல்ட்தான். அந்த 1 மில்லிவாட்ல பத்தாயிரத்துல ஒரு பங்கைப் பார்க்கணும்னா வோல்டேஜ்ல 4 மைக்ரோவோல்ட் தெரியணும். வி1, வி2ஐ தனித்தனியா 2.4 வோல்ட்டா அளந்து கழிக்கிறதுக்குப் பதிலா, வி1க்குப் பக்கத்துல ஒரு அசையாத ரெஃபரென்ஸ் வோல்டேஜை எதிர்ல வச்சு அந்த வித்தியாசத்தை மட்டும் 100 மில்லிவோல்ட் ரேஞ்சுல அளங்க, இருக்கிற மீட்டரே போதும். மாறாம இருக்கிற தெர்மல் இஎம்எஃப் கழித்தல்ல போயிடும், நடுவுல மாறுறதுதான் உதைக்கும், அதனால அந்த கேபிள் மூட்டுகளைக் காத்து படாம மூடி வைங்க. சென்ஸ் ஒயர் தனி, கரண்ட் ஒயர் தனின்னு நாலு ஒயரா இழுங்க, லீட் ரெசிஸ்டன்ஸ் கணக்குக்குள்ள வரக்கூடாது.

வரிசை எப்பவும் ஆஃப், ஆன், ஆஃப். முன்னாடி ஒரு வி1, நடுவுல வி2, பின்னாடி ஒரு வி1, ரெண்டு வி1ஐயும் நேரத்தை வச்சு இடைக்கணக்கு பண்ணி வி2 எடுத்த நொடிக்கு உரிய வி1ஐ எடுங்க. நேர்கோட்டு டிரிஃப்ட் சுத்தமா போயிடும். வளைஞ்ச டிரிஃப்ட் போகாது, அதுக்கு வெப்பத்தைத்தான் பிடிக்கணும்.

காம்பென்சேஷன் இல்லாத மவுண்ட்ல உடம்பு வெப்பம் ஒரு டிகிரியில ஆயிரத்துல சில பங்கு மாறினாலே ஜீரோ மைக்ரோவாட் கணக்குல நகரும். ஆர்எஃப்பை ஆஃப் பண்ணிட்டு பத்து செகண்டுக்கு ஒரு தடவை வி1ஐ ராத்திரி முழுக்க பதிவு பண்ணி ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க, உங்க ரூமோட ஜாதகமே அதுல தெரியும். நாங்க போட்டப்ப பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா ஏறி இறங்குற ஒரு அலை வந்துச்சு, முதல்ல பிரிட்ஜ் ஊசலாடுதுன்னுதான் நினைச்சோம், அப்புறம் கடிகாரத்தை வச்சுக்கிட்டு நின்னப்பதான் ஏசி கம்ப்ரஸர் ஆன் ஆகுறதும் அந்த அலை திரும்புறதும் ஒரே நேரம்னு தெரிஞ்சுது. மவுண்ட்டைச் சுத்தி தடிச்ச ஃபோம் பெட்டி, உள்ள ஒரு அலுமினியம் கட்டியோட தொடுற மாதிரி வச்சோம், மறுநாள் ராத்திரி கிராஃப்ல அந்த அலையைத் தேட வேண்டியிருந்துச்சு. ரூம் 23 டிகிரின்னு டிஸ்ப்ளேல எழுதியிருக்கிறது போதாது, அது எவ்வளவு வேகமா ஆடுதுங்கிறதுதான் நம்ம விஷயம்.

சென்சாரை வெறுங்கையால ரொம்ப நேரம் பிடிக்காதீங்க, மாட்டின உடனே ரீடிங் எடுக்காதீங்க. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கிறதையும் அதே கிராஃப்தான் சொல்லணும், பழக்கத்துல அஞ்சு நிமிஷம்னு போடாதீங்க.

படி 5: சோர்ஸ் சுத்தமா இருக்கா

இது சீக்கிரம் முடியுற வேலை. வெப்பத்தை அளக்குற சென்சார் வர்ற எல்லா ஃப்ரீக்வென்சியையும் சேர்த்துத்தான் கூட்டும், −30 டிபிசி ஹார்மோனிக் (முதன்மை சிக்னலை விட 30 டிபி கீழ இருக்கிற மடங்கு ஃப்ரீக்வென்சி) இருந்தா 0.1 சதவீதம் பவர் கூடுதலா வரும், −20ன்னா 1 சதவீதம். டயோடு சென்சார் ஸ்கொயர் லா எல்லையை (அவுட்புட் பவருக்கு நேர்விகிதமா இருக்கிற பகுதியை) தாண்டி இருந்தா இன்னும் மோசம், அங்க ஹார்மோனிக் வோல்டேஜா சேரும், ஃபேஸைப் பொறுத்து −30 டிபிசியே பல சதவீதம் இழுத்துடும். லோ பாஸ் ஃபில்டர் போடுங்க, மல்டிப்ளையர் வச்ச சோர்ஸ்னா கீழ இருந்து கசியுற சப் ஹார்மோனிக்கையும் ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல ஒரு தடவை பாருங்க. மானிட்டர் சென்சாரை வச்சு லெவலிங் லூப் போட்டா ரீடிங் சீக்கிரம் அமைதியாகும், விகிதம் எடுக்கிறோம்னாலும் ஆடாத சோர்ஸ் நல்லது, ஏன்னா மானிட்டரும் டெஸ்ட்டும் ஒரே வேகத்துல பதில் சொல்றது இல்ல.

படி 6: இப்ப ரெஃபரென்ஸ்தான் பெருசு

மேல சொன்னது எல்லாம் பண்ணி முடிச்சு பட்ஜெட்டைப் பாருங்க, 0.50ல 0.45 ரெஃபரென்ஸ் சர்டிஃபிகேட்டோடது. இப்பதான் காசு செலவு பண்றதுக்கான நேரம். முதல் வழி, ரெஃபரென்ஸை இன்னும் குறைவான அன்சர்டன்ட்டி கொடுக்கிற தேசிய அளவியல் நிறுவனத்துக்கு அனுப்புறது. யார் எந்த ஃப்ரீக்வென்சிக்கு எவ்வளவு அன்சர்டன்ட்டி கொடுக்குறாங்கங்கிறது பிஐபிஎம் (சர்வதேச எடை, அளவுகள் அமைப்பு) நடத்துற கேசிடிபி டேட்டாபேஸ்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கு, அங்க பார்த்துட்டு அனுப்புங்க. அனுப்பும்போது காமாவை காம்ப்ளெக்ஸ் எண்ணா கேளுங்க, கேல் ஃபேக்டரோட எஃபெக்டிவ் எஃபிஷியன்சியையும் கேளுங்க, ஃப்ரீக்வென்சிப் புள்ளிகளை நெருக்கமா கேளுங்க, நடுவுல இடைக்கணக்கு போடுறதும் ஒரு பிழைதான்.

ரெண்டாவது வழி சொந்தமா மைக்ரோகலோரிமீட்டர் கட்டுறது. இதை லேசா சொல்ல மாட்டேன், வருஷக்கணக்குல பொறுமை வேணும். தெர்மிஸ்டர் மவுண்ட்டை மொத்தமா ஒரு வெப்பக் கூட்டுக்குள்ள வச்சு, மவுண்ட்டுக்கும் ஒரு ஒப்பீட்டுப் பொருளுக்கும் நடுவுல தெர்மோபைல் (வெப்ப வித்தியாசத்தை வோல்டேஜா மாத்துற சாதனம்) வோல்டேஜைப் பார்க்குறோம். ஆர்எஃப் இல்லாதப்ப தெர்மோபைல் இ1, இருக்கும்போது இ2ன்னா, எஃபெக்டிவ் எஃபிஷியன்சி = [1 − (வி2 ÷ வி1)²] ÷ [(இ2 ÷ இ1) − (வி2 ÷ வி1)²]. சுவர்ல வீணான ஆர்எஃப்பும் இங்க வெப்பமா தெரிஞ்சுடும், அதுதான் விஷயம். இதைத் தானா உண்மைன்னு எடுத்துக்க முடியாது, உள்ள வர்ற ஃபீட் லைன்ல வீணாகுற வெப்பமும் தெர்மோபைலை எட்டும், அதுக்கு ஒரு திருத்தக் காரணி வேணும், ஷார்ட் வச்சு ஃபீட் லைன் வெப்பத்தைத் தனியா அளந்து எடுக்கணும். ஃபீட் லைன் ஆர்எஃப்பை நல்லா கடத்தணும், வெப்பத்தைக் கடத்தவே கூடாது, அதனாலதான் மெல்லிய சுவர்ல மெல்லிய உலோகப் பூச்சு. ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பம் அமைதியாக பல பத்து நிமிஷம் ஆகும், அந்த நேரத்துல யாரும் கதவைத் திறக்காம இருக்கணும்.

படி 7: திருத்தம் உண்மையா வேலை செய்யுதான்னு சோதிங்க

ஒரு செக் ஸ்டாண்டர்டை ஒதுக்குங்க, வெளியே அனுப்பாத சென்சார், வாரா வாரம் அதே ஃப்ரீக்வென்சிகள்ல அளந்து கண்ட்ரோல் சார்ட்ல புள்ளி வைங்க. மூணு சிக்மாவைத் தாண்டினா நிறுத்திட்டுத் தேடணும், தாண்டாமலே ஒரே பக்கமா ஏழெட்டு புள்ளி வந்தாலும் தேடணும். ஐஎஸ்ஓ 17025 (லேப்களோட தகுதிக்கான தர விதி) ஆடிட்டர் கேப்பார்னு இதைப் பண்ணாதீங்க, உங்களுக்காகப் பண்ணுங்க. சார்ட்டோட ஓரத்துல அன்னைக்கு மாட்டுனவர் யார், பின் ஆழம், ரூம் வெப்பம் எல்லாம் எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு புள்ளி தாவுனா காரணம் அந்த ஓரத்துலதான் இருக்கும்.

ஆனா செக் ஸ்டாண்டர்ட் நிலையா இருக்குங்கிறது மிஸ்மேட்ச் திருத்தம் சரின்னு காட்டாது, காமாஜியே தப்பா இருந்தாலும் தினமும் அதே தப்பு அதே இடத்துல வந்து சார்ட் நேரா போகும். அதுக்கு வேற சோதனை இருக்கு. வேற காமாஜி உள்ள ரெண்டாவது ஸ்ப்ளிட்டரை, இல்ல ஒரு டைரக்ஷனல் கப்ளரை எடுத்து, அதோட காமாஜியையும் புதுசா அளந்து, அதே ரெஃபரென்ஸ், அதே டெஸ்ட் சென்சார் வச்சு எல்லா ஃப்ரீக்வென்சியையும் திரும்ப எடுங்க. டெஸ்ட் சென்சாரா வேணும்னே காமா அதிகமா இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க, ரெஃபரென்ஸ் மாதிரியே இருக்கிறதை வச்சா எல்லாம் தானா ஒத்துப் போயிடும், ஒண்ணும் தெரியாது. திருத்தம் போடாத ரெண்டு வளைவையும் முதல்ல ஒரே தாள்ல வரைங்க, ஃப்ரீக்வென்சியோட சேர்ந்து ரெண்டும் வேற வேற மாதிரி நெளியும். அப்புறம் திருத்தம் போட்ட ரெண்டையும் வரைங்க. நெளிவு அடங்கி, ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிற வித்தியாசம் கனெக்டர் சிதறலுக்குள்ள வந்துடுச்சுன்னா படி 3ல எழுதின 0.10ஐயும் 0.08ஐயும் சர்டிஃபிகேட்ல போடலாம், வரலன்னா எந்த ஃப்ரீக்வென்சியில விலகுதோ அங்க காமாஜியைத் திரும்ப அளங்க, அது வரைக்கும் பழைய எண்ணையே கொடுங்க.